வலைக்குள்ளே ஓர் ஈ

போளூர் பக்கத்தில் ஒரு கிராமம். முக்கால் ஏக்கர் மல்பெரியை நம்பி வெண்பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். சாக்கி சென்டரிலிருந்து 100 முட்டைத் தொகுதிக்கான இளம்புழு வாங்கி வளர்த்து, நாலாவது தோலுரிப்பும் முடிந்து, ஐந்தாம் பருவத்தின் இரண்டாம் நாள். காலையில் தழை போடப் போன அம்மா, நைலான் வலையின் உள்பக்கம் ஓர் ஈ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"வீட்டு ஈ தான். எருக்குழி பக்கத்துலயே இருக்குது, வராம இன்னா பண்ணும்?" என்றார் கணவர்.

அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. போன தடவை கூடு அறுத்தபோது பலவற்றில் ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை விழுந்த கூட்டில் இழை அறுந்துபோகும். ஆரணித் தறிக்குப் போகிற நூல் அதிலிருந்து வராது. மார்க்கெட்டில் ஒதுக்கிவிட்டார்கள். வாங்கிய கடனில் பாதி அப்படியே நின்றது. இந்தத் தடவையும் போனால் தாங்காது.

செல்போனில் படம் பிடித்து, விவசாயம் படித்த அண்ணன் மகனுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. "அத்தை, கறுப்பா ஒரு புள்ளி தான் தெரியுது."

முதுகில் நாலு கறுப்புக் கோடு இருந்தால் ஊசி ஈ என்று ஊரில் சொல்வதுண்டு. அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சாதாரண வீட்டு ஈக்கும் முதுகில் நாலு கோடு உண்டு. இறைச்சி ஈக்கு மூன்று கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம். ஊசி ஈ வீட்டு ஈயைவிடப் பெரியது, ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். வயிறு கூம்பு போல் முடியும், அதன் மேல் தடித்த முடிகள். பக்கவாட்டில் பார்த்தால் முதுகின் கடைசியில் இருக்கிற சின்ன முக்கோணத்துக்குக் கீழே இன்னொரு புடைப்பு தெரியும். இது வீட்டு ஈக்குக் கிடையாது. ஆனால் பறக்கிற ஈயிடம் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?

ஈயை ஒரு பாட்டிலில் பிடித்து, பிரிட்ஜில் பத்து நிமிடம் வைக்கச் சொன்னான் பையன். இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஈ பாட்டிலா என்று மாமியார் சத்தம் போட்டது தனிக்கதை. குளிரில் மரத்துப்போன ஈயை வெள்ளைத் தாளில் கொட்டி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று பதினாலு படம் எடுத்தார் அந்த அம்மா. மூன்று தேறியது.

"ஊசி ஈ மாதிரி தான் தெரியுது அத்தை. ஆனா ஈயை விட்டுட்டுப் புழுவைப் படம் எடுத்து அனுப்புங்க."

சந்தேகம் தீர்ந்தது அதில்தான். ஒரு புழுவின் மடிப்பில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தது. வேறு பதினொரு புழுவில் கறுப்பு வடு. ஊசி போலக் குத்துவதால் இந்த ஈக்கு இந்தப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது குத்துவதே இல்லை. ஜப்பானிய மொழியில் 'உஜி' என்றால் ஈப்புழு. அதுதான் இங்கே ஊசி ஆகிவிட்டது. ஈ முட்டையைத் தோலில் ஒட்டிவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாளில் பொரித்து, புழுவைத் துளைத்து உள்ளே போகும். போன இடம்தான் கறுப்பு வடு. ஐந்து முதல் எட்டு நாள் உள்ளே தின்றுவிட்டு, கூடு கட்டியிருந்தால் அதையும் துளைத்து வெளியே வந்து, தரை இடுக்கில் கூட்டுப்புழுவாகிவிடும். முந்திய பருவத்தில் ஒட்டிய முட்டை, பொரிக்கும் முன் தோல் உரிந்தால் தோலோடு போய்விடும். ஐந்தாம் பருவத்தில் அந்தத் தப்புவழியும் கிடையாது.

வடு விழுந்த புழுக்களை அன்றே பொறுக்கி அழித்தார்கள். வலையில் கரண்ட் ஒயர் நுழைந்த இடத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, கணவரே தைத்தார். மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஊசி ஈப் பொறி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் வைத்தார்கள். கூட்டுப்புழுவைத் தேடி அழிக்கிற நெசோலின்க்ஸ் என்ற குட்டிக் குளவியும் வாங்கி விட்டார்கள்.

அந்த வாரமே கணவருக்கும் படம் பிடிக்கிற ஆசை வந்துவிட்டது. கரும்பு வயலில் அதே மாதிரி முள்முடி வயிற்றோடு ஓர் ஈயைப் பார்த்து, "இங்கயும் வந்துடுச்சி, மருந்து அடிக்கட்டா?" என்று அனுப்பினார்.

"வேணாம் மாமா!" என்று பையன் போனிலேயே கூப்பிட்டான். ஊசி ஈயின் குடும்பத்தில் உலகம் முழுக்க 8,000க்கும் மேல் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை பயிரைத் தின்னும் புழுக்களைக் கொல்பவை. அதில் ஸ்டுர்மியாப்சிஸ் என்ற ஈ, கரும்புக் குருத்துப்புழு துளைத்த ஓட்டையருகே தன் குஞ்சுப்புழுவை விட்டுப்போகும். வயலில் பார்த்தது அதுதானா? அதை அவன் சொல்லவில்லை. ஆல்ப்ஸ் மலையில் பூவில் உட்கார்ந்த ஈயின் படத்தை நிபுணரிடம் காட்டினாலும், பல நேரம் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வார். மீதிக்கு ஈயே நுண்ணோக்கியின் கீழே வர வேண்டும். மருந்து அடிக்காமல் இருக்கக் குடும்பப் பெயர் போதுமானதாக இருந்தது.

கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து தினமும் விடியுமுன் டார்ச்சோடு போய், சந்திரிகைக்குக் கீழே விழுந்து நெளிந்த ஈப்புழுக்களைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டார் அந்த அம்மா. அறுவடையில் ஓட்டைக் கூடு இரண்டு கைப்பிடி. மற்றது தருமபுரி மார்க்கெட்டுக்குப் போனது.

1980-ல் மேற்கு வங்கத்திலிருந்து கூட்டோடு கூட்டாகத்தான் இந்த ஈ கர்நாடகத்துக்கு வந்து, பிறகு இந்தப் பக்கமும் பரவியது. அதனால் மார்க்கெட்டிலிருந்து திரும்பிய கோணிகளை ஷெட் பக்கம் கொண்டுபோக விடாமல், வாசலிலேயே வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினார் அந்த அம்மா.