வண்டிக்கு எண்ணெய் ஸ்நானம்

சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய் தேய்த்து முழுக வேண்டும் என்பது நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. நமக்கே வாரம் ஒரு முறை எண்ணெய் ஸ்நானம் அவசியமானால், தினந்தோறும் கூரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு நம்மைச் சுமந்து சென்று, மாலையில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் அதற்கு எண்ணெயை உடம்பில் தேய்ப்பதில்லை. வயிற்றுக்குள் வார்க்க வேண்டும். அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, பழையதை முழுவதும் வடித்துவிட்டு.

முன்பெல்லாம் இந்தக் கைங்கரியத்தை ஒரு பட்டறையில் ஒப்படைத்துவந்தோம். ஒரு நாள் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய புது எண்ணெய் சாக்ஷாத் காப்பி டிகாக்ஷனைப் போல் இருந்தது. அந்தப் பட்டறை எது என்று நாம் சொல்லப் போவதில்லை. 'தன் கையே தனக்கு உதவி' என்ற பழமொழியின் உண்மை அன்றுதான் நமக்கு விளங்கிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒரு காரியத்தில் இறங்குமுன் அதன் தத்துவத்தை அறிந்துகொள்வது நம் வழக்கம். எஞ்சினுக்குள் எண்ணெய் செய்யும் ஊழியம் ஒன்றல்ல. உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையே மெல்லிய திரையாக நிற்கிறது. உஷ்ணத்தை ஏந்திச் செல்கிறது. கரியையும் உலோகப் பொடியையும் தன்னிடத்தே தாங்கிக்கொள்கிறது. எண்ணெய் கறுத்துப் போவது இந்தப் பிந்திய காரியத்தினால்தான். வீட்டைப் பெருக்கிய துடைப்பத்தில் தூசி இருக்கிறதே என்று யாராவது கோபித்துக்கொள்வார்களா?

பழைய வார்ப்பிரும்பு புல்லட் வண்டிகளில் எஞ்சினுக்கும், கியர்ப் பெட்டிக்கும், கிளச் இருக்கும் பகுதிக்கும் தனித்தனியே மசகு வைக்க வேண்டும். இக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே எண்ணெய்தான் மூன்றுக்கும். ஆகவே, காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அதை இதில் வார்ப்பது ஆபத்து. சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்ந்திருக்கும். அவை பட்டால் கிளச் வழுக்கும். டப்பாவின் பின்புறத்தில் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எந்தத் தடிப்பு, எவ்வளவு அளவு என்பதற்கு வண்டியோடு கொடுத்த புத்தகமே பிரமாணம். நம்முடையதைப் போன்ற சிறு வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். புல்லட்டுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும்.

சென்ற சனிக்கிழமை காலை, நம் ஸ்நானத்தை ஒத்தி வைத்துவிட்டு, வண்டியின் ஸ்நானத்தைத் தொடங்கினோம். எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓட விட்டோம். இளஞ்சூட்டில்தான் எண்ணெய் இளகி அழுக்கோடு இறங்கும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, அடியில் ஒரு பழைய தாம்பாளத்தை வைத்து, ஸ்பானரால் அடிப் போல்ட்டைத் திருகினோம். கறுப்புத் தாரை ஒன்று கிளம்பி, நம் முழங்கையில் பாதியும் தாம்பாளத்தில் பாதியுமாக விழுந்தது. பழைய எஞ்சின் எண்ணெய் தோலில் அடிக்கடி படுவது கெடுதல். கையுறை அணிய வேண்டும் என்பதை நமக்குப் பிறகு படிக்கும் நேயர்களாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாம் வடிந்த பின் புது வாஷரை வைத்துப் போல்ட்டை முடுக்கினோம். ஒழுகிவிடக் கூடாதே என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினோம். அதுவரையில் திண்ணையில் அமர்ந்து மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்த அண்டை வீட்டுப் பட்டு நெசவாளர் சட்டென்று எழுந்து வந்தார்.

"போதும் ஐயா, போதும்! தறியில் பாவைத் தளர விட்டால் துணி நிற்காது. அதிகம் இழுத்தால் இழை அறுந்துபோகும். இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

அவர் மோட்டார் சாஸ்திரம் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னது சரி. போல்ட் எஃகு, அது போய்ப் பதியும் இடமோ அலுமினியம். இன்னும் அரைச் சுற்று முடுக்கியிருந்தால் மரை தேய்ந்து, எஞ்சினின் அடிப்பாகத்தையே மாற்ற நேர்ந்திருக்கும். கையைத் தளர்த்திக்கொண்டோம். புது எண்ணெயை வார்த்து, எஞ்சினைச் சிறிது ஓட விட்டு நிறுத்தி, அளவுக் குச்சியைப் பார்த்தோம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே தேன் நிறம் பளபளத்தது. நம் சந்தோஷத்துக்கு எல்லையே இல்லை.

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் புறப்பட்டபோது, நம் இல்லத்தரசி வழிமறித்தாள்.

"எங்கே போகிறீர்கள்?"

"கால்வாயில் கொட்டத்தான். ஒரு மழை பெய்தால் தானே போய்விடும்."

"போய் எங்கே சேரும்?"

பதில் நமக்குத் தெரியும். கால்வாய் ஏரிக்குப் போகிறது. ஏரி நிறைந்தால்தான் நம் கிணற்றில் நீர் ஊறுகிறது. அந்தக் கிணற்று நீரில்தான் அன்று காலை ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இதற்குமுன் இரண்டு முறை அதே கால்வாயில் கொட்டியவர்கள் நாமே என்பதை அவளிடம் அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இந்த ஊர் சாமானியமான ஊரல்ல. கூரத்தாழ்வான் அவதரித்த தலம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று இவ்வூரில் கிடைத்திருக்கிறது. இவ்வூரில் எடுத்த பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் அது கூறுகிறது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு ஒதுக்கிய அதே சாசனம், ஏரியையும் கால்வாயையும் மறக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் ஆற்றையே வெட்டி ஊருக்குத் திருப்பினான். நாம் ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து அந்தப் புண்ணியத்தைக் கெடுக்கவிருந்தோம். ஒரே ஒரு காரிலிருந்து வடித்த எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுத்துவிடக் கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. நம் வண்டி சிறியது என்பது ஆறுதலாகாது. ஊரில் எத்தனை வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

பழைய எண்ணெய் குப்பையுமல்ல. சுத்திகரித்தால் மீண்டும் எண்ணெயாகும். நம் தேசத்துச் சட்டம் அதை அபாயகரமான கழிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், எண்ணெய் தயாரிப்பவர்களே பழையதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பில் பங்கேற்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

ஆகவே, புது எண்ணெய் வந்த காலி டப்பாவிலேயே பழையதைப் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடினோம். திங்கட்கிழமை காஞ்சிபுரம் போகும் வழியில், கழிவு எண்ணெயைச் சேகரித்துச் சுத்திகரிப்பவர்களுக்குக் கொடுக்கும் பட்டறை ஒன்றை விசாரித்துக் கண்டுபிடித்து, டப்பாவைக் கொடுத்தோம். பட்டறைக்காரர் வாங்கிப் பீப்பாயில் ஊற்றிவிட்டு, "வீட்டில் மாற்றுகிறவர்கள் யாரும் இதைக் கொண்டுவந்து தருவதில்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு கொட்டிய இரண்டு முறையும் நம் கிணற்றின் அருகேதான் எங்கோ இருக்கிறது என்ற நினைப்போடு வண்டியைக் கிளப்பினோம். வண்டி என்னவோ மிக மிருதுவாக ஓடிற்று.