ஷெஃபீல்டிலிருந்து டைட்டஸ்வில் வரை: பார்லோ கத்தியின் தடம்

சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்திகளில் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று பார்லோ. மூடிய நிலையில் அதன் நீளம் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பிடி ஒரு முனையில் ஒடுங்கி, மறுமுனையில் உருண்டு அகலும். ஒடுங்கிய பக்கத்தில் பிடியின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு இரும்புப் பூண் ஏறியிருக்கும். அலகைத் தாங்கும் அச்சாணி அந்தப் பூணுக்குள் இருக்கிறது. மடக்குக் கத்தி தளரத் தொடங்குவது பெரும்பாலும் இந்த மூட்டில்தான். உலக்கை நுனி பிளக்காமல் பூண் காப்பதுபோல, பார்லோவின் மூட்டை இந்த இரும்பு காக்கிறது. நீண்ட பூணால் இன்னொரு பயனும் உண்டு: பிடிக்கு எலும்பு குறைவாகப் போதும், விலையும் குறையும்.

பார்லோவின் அழகெல்லாம் இந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான். மாட்டுக் காலெலும்பை ரம்பத்தால் அறுத்து, அறுத்த கீறல்களை இழைத்து அழிக்காமல் அப்படியே பிடியில் பொருத்தினார்கள். ஒரு வேலை மிச்சமானது. ஈரக் கையிலும் பிடி வழுக்காமல் நின்றது. ஓர் அலகு இருக்கும், அல்லது பெரிய அலகோடு பேனாக்கத்தி அளவில் சிறியது ஒன்றும் சேர்ந்திருக்கும். பூட்டு கிடையாது. முதுகிலுள்ள ஸ்பிரிங்கின் அழுத்தத்தால்தான் அலகு திறந்தும் மூடியும் நிற்கும். நல்ல பார்லோ ‘டக்’கென்று திறந்து ‘டக்’கென்று மூடும். கத்தி கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் முதலில் கேட்பது அந்த ஒலியைத்தான்.

இந்தக் கத்தியைத் தேடிப் புறப்படுபவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்குவது முறை. டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவெலின் என ஐந்து ஆறுகள் குன்றுகளிலிருந்து இறங்கிவரும் ஊர் இது. ஆற்று நீர் சக்கரங்களைச் சுழற்றியது. சுற்றுமலைகளின் மணற்கல் சாணைக்கல்லானது. இரண்டும் அருகருகே கிடைத்ததால் கத்தித் தொழில் இங்கே வேர்விட்டது. பதினான்காம் நூற்றாண்டிலேயே சாசர் தம் கதைமாந்தர் ஒருவரிடம் ஷெஃபீல்டுக் கத்தி இருப்பதாகப் பாடியிருக்கிறார். 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே ஹாலம்ஷயர் கத்திக் கொல்லர் சங்கம் அமைந்தது. பார்லோ வடிவத்தின் மூலவராகப் பொதுவாகச் சொல்லப்படும் ஒபதியா பார்லோ, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஊரில் தொழில் செய்தவர். பின்னர் ஷெஃபீல்டின் மற்றப் பட்டறைகளும் இதே வடிவத்தைச் செய்து, பூணில் பார்லோ என்ற பெயரையே பொறித்து, கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு அனுப்பின.

போர்ட்டர் ஆற்றங்கரையில் ஷெப்பர்டு வீல் என்ற பழைய சாணைப்பட்டறை இன்னும் நிற்கிறது. நீர்ச்சக்கரம், வரிசையாகச் சாணைக்கற்கள், அவற்றின் முன்னே ஆள் குதிரையேறுவதுபோல் உட்காரும் பலகைகள். அங்கே நிற்பவருக்கு, மலிவான கத்தியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது விளங்கும். கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில் படிந்து, சாணை பிடித்தவர்களில் ஏராளமானோர் இளவயதிலேயே இறந்தனர். காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி பொருத்துபவர் ஒருவர் என்று ஒரே கத்தி பல கைகள் மாறியது. ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தம் பங்கு வேலையைத் தாமே செய்த இந்தச் சிறு கைவினைஞர்களை ஷெஃபீல்டில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்பார்கள். மடக்குக் கத்தி செய்த ஸ்டான் ஷா அந்த மரபில் புகழ்பெற்றவர், 2021இல் மறைந்தார். கெல்ஹாம் ஐலண்டு அருங்காட்சியகத்தில் இத்தகையோரின் பட்டறைகளையும் ஹாலி தொகுப்பின் கருவிகளையும் பார்க்கலாம். பேராலயத்துக்கு எதிரேயுள்ள கட்லர்ஸ் ஹாலில் இருப்பது, 1851 உலகக் கண்காட்சிக்காக ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் செய்த நார்ஃபோக் கத்தி. அதில் 75 அலகுகள். வியப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒருவரும் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டதில்லை. ஓர் அலகோடு ஊர் ஊராகப் போன பார்லோவே ஷெஃபீல்டின் கைத்திறனை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் அடுத்த நிறுத்தம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரீன்ஃபீல்டு. ஜான் ரஸ்ஸல் 1834இல் இங்கே கத்தித் தொழில் தொடங்கினார். பக்கத்து ஆற்றின் பெயரால் பட்டறைக்குக் கிரீன் ரிவர் வொர்க்ஸ் என்று பெயர் வந்தது. மேற்கே போன வேட்டைக்காரர்களின் இடுப்புக் கத்திகள் பலவற்றில் அந்தப் பெயர் பொறித்திருந்தது. 1870இல் நிறுவனம் சில மைல் தொலைவிலுள்ள டர்னர்ஸ் ஃபால்ஸுக்கு மாறியது. கனெக்டிகட் ஆற்று நீரைத் திருப்பி வெட்டிய கால்வாய்தான் அங்கே ஆலைகளின் உயிர். கால்வாய் இன்றும் ஊரின் ஓரமாக ஓடுகிறது. 1875இல் ரஸ்ஸல் ஆலை பார்லோ செய்யத் தொடங்கி, ஓரலகுக் கத்தியை 15 சென்டுக்கும் ஈரலகுக் கத்தியை 25 சென்டுக்கும் விற்றது. பூணில் அம்பு ஊடுருவிய ‘ஆர்’ எழுத்து அதன் முத்திரை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பார்லோ என்றாலே ரஸ்ஸல் என்றாகிவிட்டதற்கு அந்த விலையும் முத்திரையும் காரணம். தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் கத்தியாக அது தலைமுறைகளைக் கடந்தது. 1930களில் ரஸ்ஸல் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து சவுத்பிரிட்ஜுக்குப் போனது. இன்று நல்ல நிலையில் கிடைக்கும் ரஸ்ஸல் பார்லோ அரிது. அலகு பாதி தேய்ந்தது, முத்திரை மங்கியது என்ற நிலையில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அப்படித் தேய்ந்ததைக் குறையாகக் கருதுவது சரியன்று. ஒரு கத்தி தன் வேலையைச் செய்ததற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்தது மிசிசிப்பிக் கரையிலுள்ள ஹானிபல், எழுத்தாளர் மார்க் ட்வைன் வளர்ந்த ஊர். அவருடைய ‘டாம் சாயர்’ 1876இல் வெளிவந்தது. விவிலிய வசனங்களை மனப்பாடம் செய்ததற்காக டாமுக்கு அவன் உறவுப்பெண் மேரி கொடுக்கும் பரிசு, பன்னிரண்டரை சென்டு பெறுமான புத்தம்புதிய பார்லோ. அந்தக் கத்தி எதையும் வெட்டாது. ஆனாலும் அசல் பார்லோ என்பதால் சிறுவன் பூரித்துப்போகிறான். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலிலும் வெள்ளத்தில் மிதந்துவரும் வீட்டில் ஒரு பார்லோ கிடைக்கிறது. டாமின் கதை நடப்பது 1840களில். ரஸ்ஸல் பார்லோ வருவதற்கு முப்பது ஆண்டுக்கு முன். எனவே அவன் கையிலிருந்த அசல் என்பது ஷெஃபீல்டுச் சரக்காகவே இருந்திருக்க வேண்டும். அப்போதே போலிகள் புழங்கியதும் ட்வைனின் குறிப்பிலிருந்து தெரிகிறது. ஹானிபலில் அவருடைய இளமைக்கால வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலை இன்றைய பார்லோவின் தாயகம். பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனம் 1905 முதல் இயங்குகிறது. லைட்டர் செய்யும் ஸிப்போவும் கேஸும் சேர்ந்து நடத்தும் அருங்காட்சியகம் அங்கே உண்டு. கேஸ் கத்திகளை எண்ணைக் கொண்டு படிக்கலாம். 62009 என்றால் 6 எலும்புப் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 009 பார்லோ வடிவம். 1970இல் அலகின் அடியில் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகள் பொறித்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. புள்ளிகளை எண்ணினால் பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். புதிதாகச் சேகரிப்பில் இறங்குபவருக்கு இதைவிட எளிய பாடம் கிடைக்காது.

தென்மேற்கே டைட்டஸ்வில். 1859இல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியதால் உலகறிந்த ஊர். இங்கே 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, பழைய முறையிலேயே கத்தி செய்கிறது. அதன் 15ஆம் எண், 77ஆம் எண் வடிவங்களில் பார்லோக்கள் உண்டு. அலகு 1095 கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகைப் போல இது பளபளப்பாகவே இருக்காது. ஆப்பிள் அரிந்தால், எலுமிச்சை நறுக்கினால் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஏறும். அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும்.

பழைய பார்லோ வாங்குபவர் சிலவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். பூணிலுள்ள பெயரும் அலகின் அடியிலுள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா? திறந்தபோதும் மூடியபோதும் ஸ்பிரிங் பிடியின் முதுகோடு சமமாக நிற்கிறதா? ஆணிகளின் தலைகள் மட்டும் புதிதாக மின்னுகின்றனவா? மின்னினால் கத்தி பிரித்து மாட்டப்பட்டிருக்கலாம். அலகை மட்டும் வேறு கத்தியிலிருந்து எடுத்துப் பொருத்தியவையும் சந்தையில் உண்டு. ஆனால் பெரிய கேடு போலியால் வருவதைவிட அதிக மெருகால் வருகிறது. சக்கரத்தில் போட்டு மினுக்கினால் முத்திரை தேயும், ரம்பக் கீறல்கள் மழுங்கும். பிறகு அதில் படிக்க எதுவும் மிஞ்சாது. மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய், அலகில் மெல்லிய எண்ணெய்ப்பூச்சு, அவ்வளவு போதும். செல்லுலாய்டு பிடியுள்ளவற்றை மட்டும் தனியே வைக்க வேண்டும். அது சிதையும்போது வெளியாகும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

பயணிக்கு ஒரு நடைமுறைச் செய்தி. விமானத்தில் கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பிரிட்டனில் பூட்டில்லாத, அலகின் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தனிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான பார்லோவின் அலகு அந்த அளவுக்குள் அடங்கும். ஐந்தங்குலப் பிடியுள்ள ‘டாடி பார்லோ’வின் அலகு அடங்காது.