அஸருக்குப் பிறகு ஒரு கல்யாணம்

செனகலில் பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாமலேயே கல்யாணம் முடிந்துவிடும். அஸர் தொழுகை முடிந்ததும் இரண்டு வீட்டு ஆண்களும் பள்ளிவாசல் பாயில் உட்காருவார்கள். இமாம் கேட்பார், பெரியவர்கள் பதில் சொல்வார்கள், துஆ ஓதுவார்கள், அவ்வளவுதான். பிறகு கோலாக் கொட்டையும் மிட்டாயும் கைமாறும். டக்காரில் மெதினா பகுதியில் நான் குடியிருந்தபோது அந்தக் கொட்டை எனக்கும் வரும். நான் தொழுகிறவன் இல்லை. ஆனால் அந்தத் தெருக்காரன், அது போதும். சிவப்பிலும் இருக்கும், வெள்ளையிலும் இருக்கும். கடித்தால் வாயெல்லாம் கசப்பு. மென்று தண்ணீர் குடித்தால், நெல்லிக்காய் தின்றபின் போல, தண்ணீர் இனிக்கும். யாருக்குக் கல்யாணம் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

மெதினா 1914-இல் உருவானது. பிளேக் வந்ததைக் காரணம் காட்டி, பிளாட்டோ பகுதியிலிருந்த ஆப்பிரிக்கர்களை பிரெஞ்சு ஆட்சி இங்கே தள்ளியது. தள்ளிவிடப்பட்டவர்கள் அங்கேயே வேரூன்றிக்கொண்டார்கள். 1964-இல் திறந்த பெரிய பள்ளிவாசல் எங்களுக்கு நடை தூரம்தான். அதைத் திறந்துவைத்தவர்களில் ஒருவரான அன்றைய அதிபர் செங்கோர் கத்தோலிக்கர். அங்கே அதை யாரும் அதிசயமாகச் சொல்ல மாட்டார்கள். அழகான கட்டடம், இருந்தும் என் மனம் அதில் ஒட்டவில்லை. எங்கள் தெருப் பள்ளிக்குத் தகரக் கதவு. வாசலில் ஒளு செய்ய, கோடு கோடாக நிறமடித்த பிளாஸ்டிக் கெண்டிகள் வரிசையாக இருக்கும். சதலா என்பார்கள். மாலையில் திஜானியா சூஃபி வழியினர் நடுவில் வெள்ளைத் துணியை விரித்துச் சுற்றி உட்கார்ந்து வஸீஃபா ஓதுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாய்கள் தெருவுக்கு வந்துவிடும். டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் திரும்பிப் போவார்கள். டக்கார் டாக்ஸிக்காரர்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விடியற்காலை ஒலிபெருக்கியை நான் மனதுக்குள் திட்டாத நாள் குறைவு. ஆனாலும் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, யார் பிள்ளைக்கு எட்டாம் நாள் பெயர் வைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சுவரோரம் தஸ்பீஹ் மணி உருட்டும் கிழவர்களுக்குத் தெரியும். அவர்கள் வழியாக எனக்கும் தெரியும். அண்ணன் தம்பியை இமாமே கூப்பிட்டு உட்காரவைப்பார். ரமலானில் பொழுது சாயும் நேரம் பையன்கள் தெருமுனையில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழமும் காரமான தூபா காப்பியும் நீட்டுவார்கள். நோன்பு வைத்தாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஈஸ்டர் வந்தால் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து ங்கலாக் கிண்ணங்கள் வரும்: கம்பு, வேர்க்கடலை விழுது, பாவோபாப் பழம் சேர்த்த இனிப்பு. தபாஸ்கி எனும் பக்ரீத் பெருநாளில் ஆட்டுக்கறி அதே வீடுகளுக்குத் திரும்பிப் போகும்.

இப்போது நான் இருக்கும் அடுக்ககத்தில், எதிர் வீட்டில் கல்யாணம் என்பது சமையல்காரரின் வேன் வந்து வழியை அடைத்தபோதுதான் தெரிந்தது. காவலாளிதான் சொன்னார்.

போன மாதம் மெதினாவிலிருந்து பழைய பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். வீடு, மனைவி, வேலை, உடம்பு என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு விஷயத்துக்கு வந்தார். பள்ளிவாசலுக்கு மாடி எடுக்கிறார்கள், தெருக்காரர்கள் ஆளுக்கு இத்தனை மூட்டை சிமெண்ட் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், உன் பங்கு என்ன? நான்கு மூட்டை என்றேன்.

"இவ்வளவுதானா?" என்றார்.