அணைந்த கோட்டிலும் ஒரு வோல்ட்

நாகலாபுரத்து வீட்டுச் சுவர்களில் இருக்கும் கரண்ட் மீட்டர்களைப் பற்றி. திருப்பதியில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் மின் விநியோக நிறுவனத்துக்கு உட்பட்ட ஊர் இது. மீட்டரின் சின்ன ஜன்னலில் கருப்பு எண்கள் அசையாமல் நிற்கின்றன. ஆனால் எண்களை உருவாக்கும் ஒவ்வொரு கோட்டிலும் மின்னழுத்தம் நொடிக்குப் பலமுறை திசை மாறிக்கொண்டே இருக்கிறது.

மாறத்தான் வேண்டும். ஒரே திசையில் நின்றால் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள திரவப் படிகம் மெல்லச் சிதைந்து அந்தக் கோடு பாழாகிவிடும். டிஸ்ப்ளேயை ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலரின் புரோகிராம் பாதியில் நின்று அதன் பின்கள் அப்படியே உறைந்தால் எல்இடிக்கு ஒன்றும் ஆகாது. எல்சிடி என்னும் திரவப் படிக டிஸ்ப்ளேக்கு அது ஆபத்து. அதனால்தான் பல மைக்ரோகண்ட்ரோலர்களில் டிஸ்ப்ளேக்கென்று தனிச் சுற்று. சிபியு தூங்கும்போதும் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வைத்து அது அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

பின் கணக்கு: 128 கோடுகளைத் தனித்தனியாக இயக்க, பொதுவான ஒன்றையும் சேர்த்து 129 இணைப்புகள் வேண்டும். 4 காமன் (பொது இணைப்பு), 32 செக்மென்ட் (கோட்டு இணைப்பு) என்று பிரித்தால் 36 போதும். மலிவாகக் கிடைக்கும் எச்டி1621 சில்லு செய்வது இதைத்தான்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நான்கு காமன்களும் முறைவைத்து வருவதால் எந்தக் கோட்டையும் முழுதாக அணைக்க முடியாது. 3 வோல்ட்டை மூன்று படிகளாகப் பிரித்து ஓட்டினால் எரியும் கோட்டுக்குச் சராசரியாக (ஆர்எம்எஸ் கணக்கில்) 1.73 வோல்ட் போகிறது, அணைந்த கோட்டுக்கு 1 வோல்ட். படிகம் திரும்பத் தொடங்கும் அழுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். காமன்களைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி குறுகும். எவ்வளவு குறுகும் என்ற வரம்பை ஆல்ட், பிளெஷ்கோ இருவரும் 1974-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

சித்திரை வெயில் இங்கே கணக்கில் வந்தாக வேண்டும். சூடு ஏற ஏற படிகம் திரும்பும் அழுத்தம் இறங்குகிறது. மேற்குப் பார்த்த சுவரில் மாலை வெயில் வாங்கும் மீட்டரில் அணைந்திருக்க வேண்டிய கோடுகளும் சாம்பலாகத் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். வெப்பநிலைக்கேற்ப ஓட்டும் அழுத்தத்தைக் குறைப்பதே மருந்து. வெப்பத்தை அளக்க ஏற்கெனவே உள்ளேயே உணரி வைத்திருக்கும் மைக்ரோகண்ட்ரோலர்கள் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தத் துறையில் நாம் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரின் குழு தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகத்தை 1977-இல் உலகுக்கு அறிவித்தது. அதே நிறுவனத்தின் டி.என். ருக்மாங்கதன், காமன் வரிசைகளை ஒவ்வொன்றாக அல்லாமல் பலவற்றைச் சேர்த்தே தேர்ந்தெடுத்து ஓட்டும் முறைகளை 1980-களில் உருவாக்கினார். பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வர வேண்டும்.

பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு: தனிச் சில்லு இல்லாமலும் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு காமன் பின்னிலும் சமமான இரண்டு ரெசிஸ்டர்கள், ஒன்று சப்ளைக்கு, ஒன்று தரைக்கு. பின்னை இன்புட்டாக மாற்றினால் பாதி அழுத்தம் தானே வந்து நிற்கும். நான்கு காமன்களுக்கு இதில் எரியும் கோட்டுக்கும் அணைந்த கோட்டுக்கும் கிடைக்கும் அழுத்த விகிதம் 1.53 மட்டுமே, மூன்று படி முறையின் 1.73 அல்ல. இரண்டு காமன் கண்ணாடி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், 2.24 கிடைக்கும்.