ரிங்கின் கொக்கி

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருவதுண்டு. பேசுவது பெரும்பாலும் கூட வரும் அப்பாதான். "சம்பளம் கட்டுமுங்களா?" என்பார். ஆரம்பத்தில் குறைவுதான், ஐ.டி.க்குப் போன நண்பன் முந்திக்கொள்வான் என்று மறைக்காமல் சொல்லிவிடுவேன். பி.இ. சிவில் நான்கு வருடம், மேலே எம்.இ. இரண்டு வருடம். 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி சேலத்திலேயே இருக்கிறது.

சேலம் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தைப் பார்த்து ஆசைப்பட்டேன் என்கிற பையனை எனக்குப் பிடிக்கும். ஆனால் வேலை புரிய வேண்டுமென்றால் அவனைக் கம்பி கட்டும் இடத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

பில்லரின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி ரிங் போடுவார்கள். அதன் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடுவதே பல சைட்டுகளில் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சேலம் நிலநடுக்க மண்டலம் 3-ல் வருகிறது, அதனால் ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தர விதிப்படி முனையை 135 டிகிரிக்கு மடக்கி, பில்லரின் நடுப்பகுதிக்குள் நுழைத்துவிட வேண்டும். பூமி ஆடும்போது முதலில் உதிர்வது வெளிப்புறக் கான்கிரீட். அது உதிர்ந்ததும் 90 டிகிரிக் கொக்கி பிரிந்து, நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்கும். உள்ளே புதைந்த கொக்கி விடாது.

"இது பாறை பூமிங்க சார், இங்க எங்கீங்க நிலம் ஆடப்போகுது?" என்று கேட்பார் கம்பி கட்டுகிறவர். அவரைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். காரணத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 ரிக்டர் அளவுக்கு ஆடியதைச் சொல்வேன். அன்று அது பக்கத்து ஜில்லா என்றதும் கையிலிருக்கும் கம்பியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

படிக்கும்போதே ஒரு விடுமுறைக்குப் பையனையோ பெண்ணையோ சைட்டுக்கு அனுப்புங்கள் என்று அப்பாக்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டட வடிவமைப்புக்கான ஈடேப்ஸ் மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் கற்கலாம். கான்கிரீட் போடுவதற்கு முந்தின சாயங்காலம் டேப் வைத்து அளக்கும்போது, பிளானில் 10 சென்டிமீட்டர் என்றிருக்கும் ரிங் இடைவெளி 15 இருந்தால், தன்னைவிட இருமடங்கு வயதான மேஸ்திரியிடம் "அண்ணா, இதை அவிழ்த்துக் கட்டோணும்ங்க" என்று சொல்ல வாய் வருகிறதா என்று அங்கேதான் தெரியும்.