பவளத்துக்கு எந்த விளக்கு?

கடையில் பார்த்தபோது கண்ணைப் பறிக்கும் பச்சை. வீட்டுத் தொட்டிக்கு வந்து இரண்டு மாதம் ஆனதும் டீத்தூள் நிறம்! சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கத் தொடங்கும் பலருக்கு முதல் ஏமாற்றம் இதுதான். "வெளிச்சம் பத்தவில்லை" என்று தாங்களே முடிவு கட்டி, இருப்பதிலேயே பெரிய விளக்காக வாங்கி வந்து மாட்டிவிடுவார்கள். சில நாட்களில் பவளம் வெள்ளையாகிவிடும். பழுப்பாக இருந்தபோது அது உயிரோடு நன்றாகவே இருந்தது. வெளுத்த பிறகு பிழைத்தால் அதிர்ஷ்டம்.

ஏன் இப்படி? பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். இந்தப் பாசியின் நிறம்தான் பழுப்பு. பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் பவளம் தானே தயாரிக்கும் புரதங்களால் வருபவை. அவற்றில் பல, நீல ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் ஒளிரும். 1999-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் அறிவித்த ஒரு சிவப்புப் புரதம் இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. அது டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து வந்தது. அந்தப் பவளத்தை அவர்கள் கடலில் தேடவில்லை, மாஸ்கோவில் ஒரு மீன்தொட்டியில் கண்டெடுத்தார்கள்!

கடையின் வித்தை இப்போது புரிந்திருக்கும். அங்கே தொட்டிக்கு மேல் எரிவது பெரும்பாலும் நீல விளக்கு. அதில் ஒளிரும் புரதம் மட்டும் தூக்கலாகத் தெரியும், பழுப்பு அடங்கிவிடும். புடவை எடுப்பவர்கள் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதில்லையா? அதேபோல, "வெள்ளை விளக்கைப் போடுங்கள்" என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அதற்காக நீலம் வெறும் ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. கடல்நீர் சிவப்பு ஒளியை மேலேயே விழுங்கிவிடும். ஆழத்துக்குப் போவது நீலம்தான். பாசிகளும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை நன்றாகப் பயன்படுத்துபவை. ஆகவே விளக்கில் நீலம் தாராளமாக இருக்க வேண்டும். வெள்ளை, முக்கியமாக நம் கண்ணுக்காக.

சரி, எவ்வளவு வெளிச்சம்? வாட் கணக்கு இங்கே உதவாது. லக்ஸ் கணக்கும் அப்படித்தான். லக்ஸ் என்பது மனிதக் கண்ணை வைத்து அமைத்த அளவு, பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்குக் குறைந்த மதிப்பும் தரும். பவளம் வளர்ப்பவர்கள் பார்ப்பது 'பார்' அளவு, அதாவது ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பது. காளான் பவளம், மென்பவளங்களுக்கு 50 முதல் 100 வரை போதும். சுத்தியல் பவளம் போன்ற பெரிய சதைக்காரர்களுக்கு 150-க்குள். கிளை கிளையாய் வளரும் அக்ரோபோராவுக்குத்தான் 200-க்கு மேல் வேண்டும். புதிதாய் ஆரம்பிப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

முன்பு மெட்டல் ஹாலைடு விளக்குகள் கோலோச்சின. 40 லிட்டர் தொட்டிக்கு மேல் 150 வாட் விளக்கு எரிந்தால் தண்ணீர் வெந்நீராகும் வழி பார்க்கும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், அந்தச் சூடே பாசியை வெளியேற்றிப் பவளத்தை வெளுக்க வைக்கும். டி5 குழல்விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்பும். ஆனால் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் நிறமும் வலுவும் குறையும். இன்று சிறிய தொட்டிக்குப் பொருத்தமானது எல்ஈடிதான். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பதே காரணம். அதன் ஆபத்தும் உண்டு. தொட்டியின் ஆழம் 30 செ.மீ. என்றால் அடியில் இருக்கும் பவளம்கூட விளக்குக்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் நூறு சதவீதத்தில் எரியவிட்டால் முதல் பத்தியில் சொன்ன கதைதான்.

பாதிக்கும் கீழே ஆரம்பித்து, வாரம் ஒரு சிறு படியாக ஏற்றுவது பாதுகாப்பு. புதுப் பவளம் முதலில் தரையில் இருக்கட்டும், பிறகு மேலே ஏறட்டும். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் எரிந்தால் போதும்.

இன்னொன்று... பழுப்புக்கு எப்போதும் விளக்கே காரணம் அல்ல. தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் ஏறினாலும் பாசி பெருகிப் பவளம் பழுக்கும். எந்த விளக்கும் அதைத் தீர்க்காது. மீனுக்குத் தீனியைக் கொட்டுகிறவர்கள் கவனிக்க! அதற்காக இரண்டையும் பூஜ்யமாக்கினால் பவளம் வெளிறிப்போகும். ஆகவே விளக்குக்குப் பணம் செலவழிக்கும் முன் தண்ணீரைச் சோதிப்பது மேல்.

(நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்து வந்தாலும் குற்றம்.)

நிறம் மாற வாரக்கணக்கில் ஆகும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே வெள்ளை வெளிச்சத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால், அடுத்த படி ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.