ஆறு நிமிஷ நடை

"மூச்சு வாங்குதாம்மா?" என்று யார் கேட்டாலும், "எனக்கு இன்னா குறைச்சல்? நல்லாத்தானே இருக்கேன்" என்பதுதான் அம்மாவின் பதில். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்குகிற வேலையை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டால், மூச்சு எப்படி வாங்கும்?

மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மழை ஓய்ந்து அளம் தொடங்கினால், மறுபடி ஐப்பசி மழை வரும்வரை விடியுமுன்னே கிளம்பிவிடுவார். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கூடையில் தலைக்கு ஏற்றி, ஓராள் மட்டுமே போகக்கூடிய வரப்பில் நடந்து, மேட்டில் கொட்ட வேண்டும். வீடு திரும்பினால் விறகடுப்பு. பீடியையே தொடாத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வர இந்த அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம் என்று டாக்டர் சொன்னார். "அப்ப சோறு எதுல ஆக்கறதாம்?" என்று என்னிடம் முணுமுணுத்தார் அம்மா.

முதலில் கூடை நின்றது. பிறகு தண்ணீர்க் குடம். பிறகு தெருக்கோடி அம்மன் கோயில். கடைசியில் குளிக்கும்போதே நடுவில் உட்கார ஆரம்பித்தார். அப்போதுதான் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன்.

குழாயில் ஊதச் சொல்லும் பரிசோதனை முதலில் நடந்தது. காற்று எவ்வளவு, எத்தனை வேகமாக வெளியே வருகிறது என்று அது காட்டும். ஆனால் ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பது அதில் தெரியாது. அதற்குத்தான் ஆறு நிமிஷ நடை. வராந்தாவில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள், ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி. அவ்வளவுதான். ஓடக் கூடாது, முடிந்தவரை வேகமாக நடக்க வேண்டும். நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. வழக்கமான மருந்தும் வழக்கமான செருப்புமே போதும்.

முன்பு இது 12 நிமிஷமாக இருந்ததாம். நோயாளிகள் களைத்துப் போகவே, ஆறு நிமிஷமே போதும் என்று 1982-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். புண்ணியவான்கள்.

நடக்க வைத்த பெண், நிமிஷத்துக்கு ஒரு முறை, "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பதுபோல ஒரே மாதிரி வாக்கியத்தைத் தவிர எதுவும் பேசவில்லை. அம்மாவுக்கு அது வருத்தம். கூடவே நடந்தாலோ, உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தாலோ தூரம் கூடிவிடும்; அடுத்த முறை ஒப்பிட முடியாது என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு.

நாலாவது நிமிஷத்தில் அம்மா சுவரைப் பிடித்தார். மொத்தம் 240 மீட்டர். 95 இருந்த ஆக்சிஜன் 87-க்கு இறங்கியிருந்தது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அப்போதும் சொல்ல வாயெடுத்தார், மூச்சு விடவில்லை. இந்த இறக்கம் வெளியே தெரியாது என்பதால், இதை வீட்டில் நாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

"எந்த வேலையை நீங்களே செய்யணும்னு ஆசைப்படறீங்க?" என்று டாக்டர் கேட்டார். கோயில் என்று சொல்வார் என நினைத்தேன். "ரேஷன் கடைக்கு நானே போயி வரணும். மருமக கிட்ட பையைக் கொடுத்துட்டு நிக்க முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் வீட்டில் எத்தனை மாதமாக என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது.

எட்டு வாரம் பயிற்சி. நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விடுவது. திரும்பவும் அதே வராந்தா, அதே கூம்புகள். 282 மீட்டர். சுமார் 30 மீட்டர் கூடினாலே உண்மையான முன்னேற்றம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊதும் பரிசோதனையில் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நுரையீரல் பழையபடி ஆகவில்லை. நடக்காமல் கிடந்து துவண்ட கால்கள்தான் தேறியிருக்கின்றன என்று விளக்கினார்கள்.

ரேஷன் கடை எங்கள் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இப்போது அம்மா சைக்கிள் கடை வாசலில் ஒரு முறை, புளியமரத்தடியில் ஒரு முறை நின்று போகிறார். போகும்போது பையில் ஒன்றும் இருக்காது. வரும்போது சர்க்கரையும் பருப்பும் மட்டும். அரிசியை அண்ணன் சாயங்காலம் வண்டியில் போய் எடுத்து வருகிறான். அதில் அம்மாவுக்கு இன்னும் சம்மதமில்லை.